வாசல் பார்ப்பவர் பள்ளி பார்ப்பதில்லை

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்பது முன்னோர் மொழி. மலேசியத் தமிழர் இன்று அதனோடு மூன்றாவது ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டியவராயுள்ளனர்: பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பிப் பார். திருமணச் செலவு ஓரிரு நாளில் முடிந்துவிடும். வீட்டுக் கடனும் கல்லூரிக் கட்டணமும் அவ்வாறு முடிவன அல்ல. இரண்டும் ஒரே பணப்பையிலிருந்து, பெரும்பாலும் ஒரே காலத்தில் எடுக்கப்படுவன. இவ்வுண்மையை எண்ணாது வீடு வாங்குவதும், வாங்குங்கால் தமிழ்ப்பள்ளி எங்குள்ளது என்று கேட்க மறப்பதும் தனித்தனிப் பிழைகள் அல்ல. ஒரு பிழையின் இரு முகங்கள்.

புதிய வீடமைப்புப் பகுதிக்கு வீடு பார்க்கச் செல்லும் தமிழ்க் குடும்பம் எவற்றையெல்லாம் ஆராய்கின்றது! வாசல் கிழக்கு நோக்கியதா, மேற்கு நோக்கியதா? சமையலறை அக்கினி மூலையில் அமைந்துள்ளதா? நெடுஞ்சாலைக்கு எவ்வளவு நேரம்? பேரங்காடி அருகில் உண்டா? இவ்வளவும் கேட்ட பின்னரே பள்ளியைப் பற்றிய பேச்சு எழுகின்றது. அப்போதும் கேட்கப்படுவது ‘பேர்பெற்ற பள்ளி’ எது என்பதே. தமிழ்ப்பள்ளி எது என்பதன்று. மேம்பாட்டாளரின் விளம்பரத் தாளில் அனைத்துலகப் பள்ளியின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். தமிழ்ப்பள்ளியின் பெயரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கேட்பார் இல்லாத பொருளை எந்த வணிகரும் கடை முன்றிலில் அடுக்குவதில்லை.

இந்நாட்டில் தமிழ்க் கல்வி 1816 ஆம் ஆண்டு பினாங்கு இலவசப் பள்ளியில் ஒரு வகுப்பாகத் தொடங்கிற்று. பின்னர்த் தோட்டங்கள் பெருகவே பள்ளிகளும் அங்கே பெருகின. 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பள்ளி நடத்தும் கடமையைத் தோட்ட நிருவாகங்கள்மீது சுமத்தியது. லயத்துக்கும் பள்ளிக்கும் இடையே அன்று கூப்பிடு தூரமே இருந்தது. ஆயினும் இரண்டையும் தேர்ந்தெடுத்தவர் தொழிலாளர் அல்லர். துரை காட்டிய இடமே வீடு, துரை கட்டிய கொட்டகையே பள்ளி. இன்று அந்நிலை மாறிற்று. தம் வீடு எங்கே அமைய வேண்டும் என்பதைத் தாமே முடிவு செய்யும் வசதி பெற்ற தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. பாட்டனுக்குக் கிட்டாத உரிமை பேரனுக்குக் கிட்டியுள்ளது. அவ்வுரிமையைத் தமிழ்ப்பள்ளியை விட்டு விலகிச் செல்வதற்கே அவன் பயன்படுத்துவானாயின், அதனை முன்னேற்றம் என்று எங்ஙனம் கூறுவது?

நாடு விடுதலை பெற்ற 1957 இல் 880க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று எஞ்சியிருப்பவை 520க்குச் சற்று மேற்பட்டவையே. தோட்டங்கள் நகரங்களாயின. சீஃபீல்டு தோட்டம் சுபாங் ஜெயாவாயிற்று. அத்தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி இன்றும் அந்நகரில் நின்று விளங்குகின்றது. எல்லாப் பள்ளிகளுக்கும் அப்பேறு வாய்க்கவில்லை. 150க்குக் குறைந்த மாணவரைக் கொண்ட பள்ளிகள் ‘மாணவர் குறைந்த பள்ளிகள்’ எனக் கணக்கிடப்படுகின்றன. தமிழ்ப்பள்ளிகள் பல அப்பட்டியலில் உள்ளன. தோட்டப்புறத்தில் வகுப்பறை இருந்தும் மாணவர் இல்லை. புதிய நகர்களில் மாணவர் இருந்தும் பள்ளி இல்லை. குடியேறும் குடும்பங்கள் கூடி நின்று கேட்டாலன்றிப் பள்ளியின் உரிமம் இடம்பெயராது, நிலமும் கிட்டாது.

மொழிப்பற்று ஒருபுறம் நிற்க, கணக்கையேனும் பார்க்கலாம். தந்தைக்கு வயது 33, குழந்தைக்கு ஒன்று, கடனுக்கு 35 ஆண்டு எனக் கொள்க. 2013 முதல் இந்நாட்டில் வீட்டுக் கடனுக்குரிய உச்ச வரம்பும் அதுவே. குழந்தை 18 வயதில் கல்லூரி வாயிலில் நிற்கும்போது தந்தைக்கு வயது 50. கடனில் இன்னும் 18 ஆண்டு எஞ்சியிருக்கும். 60 வயதில் ஓய்வு பெற்ற பின்னரும் 8 ஆண்டு தவணை செலுத்த வேண்டும். ‘பேர்பெற்ற பள்ளி’க்கு அருகில் இருக்க வேண்டும் என்பதற்காகவே மாதம் 300 வெள்ளி கூடுதல் தவணையை அவர் ஏற்றுக்கொண்டால், பிள்ளை கல்லூரி சேருமுன் கழியும் 17 ஆண்டுகளில் அது மட்டும் 61,200 வெள்ளி. அப்பள்ளியின் போட்டிக்கு ஈடுகொடுக்க டியூஷனுக்கென மாதம் 200 வெள்ளி வீதம் ஆறாண்டு செலவிட்டால் மேலும் 14,400 வெள்ளி. ஆக 75,600 வெள்ளி! அரசு சார்ந்த எந்தத் தொடக்கப்பள்ளியிலும் கல்விக் கட்டணம் இல்லாத நாட்டில், தொடக்கக் கல்வியின் பெயரால் இவ்வளவு செலவு.

கல்லூரி நாளில் என்ன நேர்கின்றது? அரசுப் பல்கலைக்கழகங்களில் செலவின் பெரும்பகுதியை அரசே ஏற்கின்றது. ஆறாம் படிவமும் மெட்ரிகுலேசனும் பெருஞ்செலவின்றி அமைவன. அவ்விடங்கள் கிட்டாத மாணவனுக்குத் தனியார் கல்லூரியே கதி. அங்கே பட்டப்படிப்புக்குப் பல்லாயிரம் வெள்ளி, மருத்துவத்துக்கோ இலட்சங்கள். ஊழியர் சேமநிதியை நம்பலாம் என்பார் அதன் அமைப்பை நோக்குக. 2024 மே முதல் 55 வயதுக்குட்பட்டோரின் சந்தா மூன்றாகப் பிரிக்கப்படுகின்றது: 75 விழுக்காடு ஓய்வுக்காலத்துக்கு, 15 விழுக்காடு ‘செஜாத்ரா’ கணக்குக்கு, 10 விழுக்காடு எப்போதும் எடுக்கத்தக்க கணக்குக்கு. வீட்டுக்கும் கல்விக்கும் என ஒதுங்கிய வழி அந்த 15 விழுக்காடே. வீட்டுக்காக அதனைத் துடைத்தெடுத்தவர் கல்லூரி நாளில் வெறுங்கணக்கையே காண்பார். 1997 இல் தோன்றிய தேசிய உயர்கல்விக் கடனுதவிக் கழகத்தின் கதவைத் தட்டுவதே பின்னர் எஞ்சும் வழி. தந்தையின் தலையில் வீட்டுக் கடன். மகனின் தலையில் கல்விக் கடன். செலவிட வேண்டாத இடத்தில் செலவிட்டு, செலவிட வேண்டிய இடத்தில் கையேந்துவது என்பது இதுவே.

தமிழ்ப்பள்ளியில் பயின்றால் பிள்ளை பின்தங்கிவிடும் என்பர் சிலர். தமிழ்ப்பள்ளியும் தேசியக் கலைத்திட்டத்தையே பின்பற்றுகின்றது. மலாயும் ஆங்கிலமும் கணிதமும் அறிவியலும் அங்கும் கற்பிக்கப்படுகின்றன. மருத்துவரும் வழக்கறிஞரும் பொறியியலாளரும் அவ்வகுப்பறைகளிலிருந்து வந்துள்ளனர். எல்லாத் தமிழ்ப்பள்ளிகளும் ஒரே தரத்தன அல்ல என்பதும் மெய்யே. ஆனால் குறையுள்ள பள்ளியை நிமிர்த்தக்கூடியவர் யார்? கேள்வி கேட்கத் தெரிந்த பெற்றோர் அல்லரோ? அவர்கள் வெளியேறிவிட்டால், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நேரமும் வசதியும் இல்லாத பெற்றோரே எஞ்சுவர். குறை கூறி விலகியவர்களே அக்குறையை வளர்த்தவர் ஆகின்றனர். மலிவு விலை அடுக்ககத்தில் கிடைத்த வீட்டில் குடியிருக்கும் ஏழைக் குடும்பத்தின்மீது இக்குற்றம் சாராது. தேர்ந்தெடுக்க வழியிருந்தும் தேர்ந்தெடுக்காதவர்களையே அது சாரும்.

இடைநிலைப்பள்ளியிலும் இதுவே நிலை. 1996 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் அப்பள்ளியில் தமிழ் வகுப்பு நடத்தப்படலாம். 15 பிள்ளைகள்! தமிழ்க் குடும்பங்கள் ஆளுக்கொரு திசையில் சிதறிக் குடியேறும் இடத்தில் அச்சிறு தொகையும் சேராது. சேராத இடத்தில் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எழுதுவோர் குறைவர். நாளைய தமிழாசிரியரும் குறைவர். அண்டை நாடான சிங்கப்பூரில் இறுதியாக எஞ்சிய உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982 இல் மூடப்பட்டது. அங்குத் தமிழ் ஒரு பாடமாக வாழ்கின்றது, தமிழ்ப்பள்ளி இல்லை. பள்ளி மறைவதற்குப் பகைவர் தேவையில்லை. சேர்க்கைப் பதிவேடு வெறுமையானால் போதும்.

ஈண்டுத் தமிழாசிரியரைப் பற்றியும் கூற வேண்டும். தமிழ்ப்பள்ளியில் ஊதியம் பெற்றுக்கொண்டு, தம் பிள்ளையை வேறு பள்ளியில் சேர்க்கும் ஆசிரியர்கள் உள்ளனர். சமைத்தவரே உண்ணாத சோற்றைப் பந்தியில் பரிமாறினால் விருந்தினர் எவ்வாறு கைவைப்பர்? அவ்வாசிரியர் வீடு வீடாகச் சென்று மாணவரைத் திரட்டினும், அவர்தம் பிள்ளையின் சீருடையே அவருக்கு எதிராகச் சான்று கூறும்.

ஆதலின், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் ஐந்து கேள்விகளுக்கு விடை காணட்டும். அருகிலுள்ள தமிழ்ப்பள்ளி எது? அதில் எத்தனை மாணவர் பயில்கின்றனர்? அங்கிருந்து அவர்கள் எந்த இடைநிலைப்பள்ளிக்குச் செல்கின்றனர்? அப்பள்ளியில் தமிழ் வகுப்பு உண்டா? தவணை போக மாதந்தோறும் கல்லூரிக்கென எவ்வளவு சேமிக்க இயலும்? ஐந்தாவது கேள்விக்கு ‘ஒன்றும் இல்லை’ என்பது விடையானால், அவ்வீட்டின் வாசல் எத்திசை நோக்கினும் பயனில்லை; அதனினும் சிறிய வீட்டை நாடுவதே அறிவுடைமை. ஆசிரியப் பயிற்சி பெறும் இளைஞர்கள் இக்கணக்கை முதலில் தம் குடும்பத்துக்குப் போட்டுக் காட்டட்டும். பின்னர்த் தம் மாணவரின் பெற்றோர்க்கும் கற்பிக்கட்டும். அடுத்த ஆண்டு முதல் வகுப்பின் சேர்க்கைப் பதிவேட்டில் ஏறும் பெயர்களே அவர்தம் முயற்சிக்கு விடை கூறும்.