மோட்டாரை நாமே பார்த்துக்கொள்ளலாம்



என் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு வாரமாக மூன்றாம் பாடவேளைக்குத்தான் வந்து சேர்ந்தான். முகமெல்லாம் வியர்வை, காலெல்லாம் செம்மண். சற்று அதட்டியே கேட்டேன். "அப்பா மோட்டாரு பெங்கல்ல கெடக்கு சார். நடந்து வர்றேன்" என்றான்.

மாலையில் லயத்துப் பக்கம் போய் அவன் தந்தையைக் கண்டேன். பின் சக்கரத்தில் ஆணி ஏறிக் காற்று இறங்கியிருக்கிறது. டயரையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்று பட்டறையில் சொல்லிவிட்டார்களாம். சம்பளம் வரட்டும் என்று மனிதர் விட்டுவிட்டு வந்திருக்கிறார். இருவரும் போய் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வந்தோம். டயரைத் தடவிப் பார்த்தேன். இன்னும் நல்ல டயர். வாசல் விளக்கு வெளிச்சத்தில் ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது. மறுநாள் பையன் மணியடிக்கும் முன்பே வந்துவிட்டான்.

ஆகவே இந்த மாதம் சமையலறைக் குழாயை ஒதுக்கிவிட்டு மோட்டாருக்கு வருகிறேன்.

நம் தோட்டங்களில் ஓடுபவை பெரும்பாலும் காப்சாய்கள். இந்த வகைக்கு மூல வண்டியான ஹோண்டா சூப்பர் கப் ஜப்பானில் 1958-இல் வெளிவந்தது. 2017-இல் அதன் உற்பத்தி 10 கோடியை எட்டியது. வேறெந்த மோட்டார் வாகனமும் அந்தக் கணக்கைத் தொட்டதில்லை. பெரிய படிப்பில்லாதவரும் பழுது பார்க்கட்டும் என்று கட்டிய வண்டி அது. நாம்தான் பயந்து நிற்கிறோம்.

முதலில் பெட்டியில் இருக்க வேண்டியவை: 10, 12, 14, 17 எண் ஸ்பானாக்கள், பின் சக்கர அச்சு நட்டுக்குப் பொருந்தும் ஸ்பானா, பிளக் கழற்றும் குழல் ஸ்பானா, ஸ்க்ரூ டிரைவர் இரண்டு, டயர் நெம்பும் கம்பி இரண்டு, ஒட்டுத் துண்டும் பசையும், மணல் தாள், கைப்பம்பு. எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து வாங்கினாலும் நல்லதுதான். ஆனால் பெட்டி யார் வீட்டில் இருக்கும் என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்!

டியூப் ஒட்டுவதற்குச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆணி ஏறிய இடம் தெரிந்தால் கழற்ற வேண்டியதே இல்லை. மோட்டாரை நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஆணியைப் பிடுங்குமுன் அந்த இடத்தில் சாக்கட்டியால் குறியிடுங்கள். மிச்சக் காற்றையும் இறக்கிவிட்டு, டயரின் ஒரு பக்க ஓரத்தை மட்டும் நெம்பி வெளியே எடுத்து, குறியிட்ட இடத்து டியூபை உருவுங்கள். காற்றடித்துக் கன்னத்தருகே வைத்தால் ஓட்டை தெரியும். தெரியாவிட்டால் எச்சில் தடவிப் பாருங்கள், குமிழி வரும்.

அந்த இடத்தை மணல் தாளால் பளபளப்புப் போகத் தேயுங்கள். துடைத்துவிட்டுப் பசையை மெல்லியதாகத் தடவுங்கள். இங்கேதான் நம்மவர்கள் அவசரப்படுகிறார்கள். ஈரப் பசையில் ஒட்டினால் ஒட்டு நிற்காது. ஏறக்குறைய ஐந்து நிமிடம் காத்திருந்து, விரலில் ஒட்டாத அளவுக்கு உலர்ந்த பின்பே துண்டை வைத்து அழுத்த வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் செய்யும் வேலை ஒன்றுண்டு: டயரின் உட்புறத்தைத் துணி சுற்றிய விரலால் மெதுவாகத் தடவுங்கள். ஒரு முள்ளோ கம்பித் துண்டோ உள்ளே நின்றுவிட்டால் நாளைக்கே இன்னொரு ஓட்டை விழும். நான் முதன்முதலில் ஒட்டிய டியூப் மூன்று முறை காற்றிறங்கியதற்கு அதுதான் காரணம். பசையைப் பழித்துக்கொண்டிருந்தேன்.

டயரைத் திரும்ப ஏற்றும்போது டியூபில் சிறிது காற்று இருக்கட்டும்; அப்போதுதான் நெம்புகோலில் சிக்காது. கடைசிப் பகுதியைக் கையாலேயே தள்ளப் பாருங்கள். வால்வு சாயாமல் நேராக நிற்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பால் வெட்டிய குடும்பங்கள் அறியவேண்டிய வேடிக்கை ஒன்று. இன்றைய டியூப்களில் பெரும்பாலானவை பியூட்டைல் என்னும் செயற்கை ரப்பரில் செய்தவை. மரத்துப் பால் ரப்பரைவிட அது காற்றை நன்றாகப் பிடித்துவைக்கும். நம் பெற்றோர் விடியலில் எழுந்து வெட்டிய பால், டியூபைவிட டயருக்குத்தான் அதிகம் போகிறது.

இனி பிளக். இஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும் கழற்றுங்கள். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் இஞ்சின் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் காற்று வடிகட்டியைப் பாருங்கள். நம் சாலைப் புழுதியில் அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் இஞ்சினுக்குள் தேய்மானம். அது பட்டறை வேலை. முனை இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அளக்கும் தகடு இல்லாதவர்கள் இரும்பறுக்கும் வாளின் தகட்டை நுழைத்துப் பார்க்கலாம், ஏறக்குறைய அந்தத் தடிப்புத்தான். திரும்பப் போடும்போது முதலில் கையாலேயே திருகுங்கள். கோணலாக ஏற்றி ஸ்பானாவால் முறுக்கினால் அலுமினியத் தலையின் மரை போய்விடும். பிறகு செலவு பல மடங்கு.

செயின் நடுவில் மேலும் கீழும் ஏறக்குறைய ஓர் அங்குலம் ஆட வேண்டும். சக்கரத்தைச் சுற்றி நாலைந்து இடத்தில் பாருங்கள், எல்லா இடமும் ஒன்றுபோல் தேய்ந்திராது. அதிக இறுக்கம் தளர்வைவிடக் கெடுதல். செயினைக் கழற்றி மாட்டினால் கிளிப்பின் மூடிய முனை, செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். முகப்பு விளக்கு நம் நாட்டில் 1992 முதல் பகலிலும் எரிய வேண்டிய சட்டம் இருப்பதால் பல்பு ஒன்றைக் கைவசம் வைத்திருங்கள். பழைய மோட்டார் என்றால் 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்த்து வாங்குங்கள்.

இப்போது என் தவற்றைச் சொல்லியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் பின் டயர் மாற்றச் சக்கரத்தையே கழற்றினேன். பிரேக் மூடியையும் வண்டிச் சட்டத்தையும் இணைக்கும் ஒரு தட்டைக் கம்பி உண்டு. அதன் நட்டு கழன்றுவிடாமல் இரண்டு காலுள்ள சிறு ஊசி ஒன்று குறுக்கே போகும். கடையில் காட்டர் பின் என்பார்கள். பழைய ஊசி கழற்றும்போதே ஒடிந்துவிட்டது. இருட்டிவிட்டது, கடையும் மூடியிருக்கும். நட்டை நன்றாக முறுக்கிவிட்டேன், போதும் என்று நினைத்தேன்.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் அந்த மூடியைத் தன்னோடு சேர்த்துச் சுழற்றப் பார்க்கும். அதைத் தடுத்துப் பிடிப்பது அந்தக் கம்பி ஒன்றுதான். பத்து நாளில் செம்பனைக் காட்டுச் சரிவில் நட்டு கழன்றது. மிதித்தேன், மூடி சுழன்று, பிரேக் தண்டு மடங்கி, சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. பின்னால் என் மகள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. இருவரும் கால்வாயில் விழுந்தோம். அவளுடைய இடது முழங்கை எலும்பு விரிந்து ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தாள். தலைக்கவசம் இருந்ததால் தலை தப்பியது. "அப்பாதான ரிப்பேர் பண்ணுனாங்க" என்று மருத்துவமனையில் அவள் தாதியிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. பெருமையாகத்தான் சொன்னாள்.

ஒரு காட்டர் பின்னின் விலை சில காசு. இப்போது என் பெட்டியில் ஒரு மருந்துக் குப்பி நிறைய வைத்திருக்கிறேன். ஒருமுறை கழற்றியதைத் திரும்பப் போடுவதில்லை. மகள் இன்றும் பின்னால் ஏறுமுன் குனிந்து அதைப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறாள்.

பிரேக் மிதியின் ஆட்டத்தைத் தண்டின் கடைசியிலுள்ள நட்டால் நீங்களே சரிசெய்யலாம். ஆனால் முழுதாக மிதிக்கும்போது பிரேக் கையின் அம்புக்குறி மூடியிலுள்ள குறியைத் தொட்டுவிட்டால், எவ்வளவு முறுக்கியும் பயனில்லை. கட்டை தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். உள்ளே படிந்த தூளை வாயால் ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். சக்கர பேரிங், கிளட்ச், இஞ்சின் உள்வேலை ஆகியவற்றைத் தெரிந்தவரிடம் விடுங்கள். கூடவே நின்று பாருங்கள், கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள்.

இல்லத்தரசிகள் சிலர் தாங்களும் செய்யலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பையனின் டியூபுக்கு மணல் தாள் தேய்த்தது அவன் தாயார்தான். அடுத்த இதழில் திரும்பவும் சமையலறைக் குழாய்.