முதிர்ந்த எஞ்சினும் புது எண்ணெயும்

பழைய வண்டிக்குப் புது எண்ணெய் எதற்கு என்று வினவுவோர் நம்மிடையே பலர். இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிக் களைத்த மோட்டார் வண்டிக்கு எண்ணெய் மாற்றுவது, இடிந்து விழப்போகும் சுவருக்கு வெள்ளையடிப்பதை ஒக்கும் என்பது அவர் கருத்து. குறைந்த அளவிற்கு ஊற்றி நிரப்பினாற் போதும், மாற்ற வேண்டுவதில்லை என்று தீர்ப்பும் கூறிவிடுகின்றனர். இத்தீர்ப்பு பிழையானது என்பதே யாம் ஈண்டுக் கூறப் புகுவது. புது எஞ்சின் சிறிது காலம் அசட்டையைப் பொறுக்கும். முதிர்ந்த எஞ்சின் பொறாது.

தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு எஞ்சினைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நகைக்கலாம். வண்டியின் அச்சைப் பற்றிய கவலை நம் புலவர்க்குப் புதிதன்று. உப்பு வணிகராகிய உமணர் தம் வண்டியின் அடியிற் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் செல்லும் வழக்கத்தைப் புறநானூற்றில் ஔவையார் குறித்துள்ளார். ஆமணக்கெண்ணெயில் வைக்கோற் கரியைக் குழைத்து அச்சுக்கு மையிடும் வழக்கம் நம் மாட்டு வண்டிக்காரர் கைகண்டது. அதே ஆமணக்கெண்ணெய்தான் 1909-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வேக்ஃபீல்டு என்பாரின் கம்பெனி வெளியிட்ட எஞ்சின் எண்ணெயிற் கலந்து, ‘காஸ்ட்ரால்’ என்னும் பெயருக்கும் காரணமாயிற்று. ஆகவே நம் நாட்டு அச்சுக்கும் மேனாட்டு எஞ்சினுக்கும் உறவு இல்லாமற் போகவில்லை.

ஆயினும் வண்டிமையின் பணி ஒன்றே. எஞ்சின் எண்ணெயின் பணியோ பல. கிராங்குத் தண்டிற்கும் அதனைத் தாங்கும் பேரிங்கிற்கும் இடையே மயிரிழையினும் மெல்லிய படலமாய் நின்று, உலோகம் உலோகத்தைத் தீண்டாமற் காப்பது அது. பிஸ்டனின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு கீழே எண்ணெய்ச் சட்டியில் இறங்கித் தணிகின்றது. பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர்ச் சுவருக்கும் இடைப்பட்ட சந்தினை அடைக்கின்றது. துருவைத் தடுக்கின்றது. இவையெல்லாம் போதாவென்று, எரிந்த கரியையும் தேய்ந்த உலோகத் துகளையும் தன்மேல் ஏற்றிச் சுமக்கவும் செய்கின்றது. கரியைத் திரளவிடாது பிரித்து வைக்கும் மருந்தும், அமிலத்தை முறிக்கும் காரப்பொருளும், தேய்மானத்தைக் குறைக்கும் துத்தநாகச் சேர்க்கையும் எண்ணெயிலேயே கலந்துள்ளன. ஓட ஓட இவை செலவாகின்றன. பின்னர் எஞ்சுவது பெயரளவில் எண்ணெய். அதன்மேற் புது எண்ணெய் சிறிது ஊற்றினால் அவ்வளவுக்கு மருந்தும் சேரும் என்பது மெய்யே. பழைய அழுக்கோ அணுவளவும் வெளியேறுவதில்லை. அழுக்கை வெளியேற்றும் வழி சட்டியின் அடித் திருகைக் கழற்றி வடிப்பது ஒன்றே.

இனி, முதுமையின் செய்தி யாது? ஆண்டு பலவாக ஓடிய எஞ்சினில் ரிங்குகள் தேய்ந்திருக்கும். எரிந்த வாயு அவற்றைக் கடந்து கீழிறங்கும். அதனோடு நீராவியும், எரியாத பெட்ரோலும், கரியும் எண்ணெயில் வந்து விழும். வால்வின் சீல்கள் இறுகிப்போய் எண்ணெய் கசிந்து எரியும். நான்கு லிட்டர் இருக்கவேண்டிய இடத்தில் மூன்று லிட்டரே நின்றால், நால்வர் சுமையை மூவர் சுமப்பது போல எண்ணெய் விரைவிற் சோர்வுறும். அழுக்கு மிகுதியாய் வருவதும், அதனைச் சுமக்கும் எண்ணெய் குறைவதும் ஒருங்கே நிகழ்வதே முதிர்ந்த எஞ்சினின் அவலம். வீட்டிலிருந்து கடைத்தெருவுக்கும் அங்கிருந்து வீட்டிற்குமாக இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. எஞ்சின் நன்கு சூடேறுமுன்னரே நிறுத்தப்படுவதால் உள்ளே படிந்த நீர் ஆவியாகி வெளியேற இடமில்லை. நாளடைவில் எண்ணெய் களிபோற் கசடாகிப் பம்பின் வாயிலுள்ள சல்லடையை அடைக்கின்றது.

அப்பொழுதுதான் ஓட்டுபவர் முன்னுள்ள சிவப்பு விளக்கு எரியும். அவ்விளக்கு எண்ணெயின் அளவைக் காட்டுவதென்று பலரும் எண்ணுகின்றனர். அஃது எண்ணெயின் அழுத்தம் வீழ்ந்ததையே அறிவிப்பது. அது தோன்றும்போது பேரிங்குகள் எண்ணெயின்றி உராயத் தொடங்கியிருத்தலும் கூடும். விளக்கை நம்பியிருப்பவர் நள்ளிரவில் எண்ணெய் வாங்க ஓடிய கன்னியரின் நிலையையே அடைவர். அளவுகோலை வாரம் ஒருமுறை உருவிப் பார்ப்பதற்கு ஒரு கந்தைத் துணியும் இரண்டு நிமிடமும் போதும். வண்டி சமதரையில் நிற்கவேண்டும், எஞ்சினை நிறுத்திச் சில நிமிடம் கழிந்திருக்கவேண்டும், அவ்வளவே.

ஐயுறுவார்க்கு ஒரு சான்று காட்டுவோம். அமெரிக்க நாட்டில் நியூயார்க்கைச் சார்ந்த லாங் தீவில் இர்வ் கார்டன் என்னும் அறிவியல் ஆசிரியர் ஒருவர் வாழ்ந்தார். 1966-ஆம் ஆண்டில் அவர் வாங்கிய வால்வோ பி1800 வண்டி, 2013-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அலாஸ்காவில் 30 லட்சம் மைலைக் கடந்தது. 6,80,000 மைல் ஓடிய பின்னரே அதன் எஞ்சின் முதன்முறை பிரித்துப் புதுக்கப்பட்டது. அவர் 2018-இல் மறைந்தார். அவர் கைக்கொண்ட முறையில் மறைபொருள் ஏதுமில்லை. கம்பெனியார் கொடுத்த கைந்நூலின்படி நடந்ததும், ஏறக்குறைய மூவாயிரம் மைலுக்கொருமுறை தவறாது எண்ணெய் மாற்றியதுமே அது. அந்த எஞ்சின் இயல்பிலேயே உறுதியானது, அவர் ஓட்டியதும் பெரும்பாலும் நெடுஞ்சாலையில் என்று மறுப்பார் உளர். அதனை ஒப்புகின்றோம். எனினும் அதே எஞ்சின் பூண்ட வண்டிகள் எத்தனையோ நெடுஞ்சாலையில் ஓடின. அத்தொலைவை அவை எட்டவில்லை.

மற்றொரு மறுப்பு சற்று வலியுடையது. பழைய துருத்தியிற் புதிய திராட்சரசம் வார்த்தால் துருத்தி கிழிவது போல, பழைய எஞ்சினிற் புது எண்ணெய் வார்த்தால் ஒழுக்கு உண்டாகும் என்பர் மெக்கானிக்குகள் சிலர். இதில் உண்மை இல்லாமலில்லை. நெடுநாள் கேட்பாரற்றுக் கிடந்த எஞ்சினில், இறுகி வெடித்த சீலின் பிளவைக் கசடே அடைத்திருக்கும். புது எண்ணெய் அக்கசடைக் கரைத்தவுடன் பிளவு வெளிப்படும். பிளவை உண்டாக்கியது புது எண்ணெயன்று. எனினும் இத்தகைய எஞ்சினில் கசடனைத்தையும் ஒரே நாளிற் கரைக்கும் திரவங்களை ஊற்றுவதை யாம் விரும்புகிலேம். பெயர்ந்த கட்டிகள் சல்லடையில் வந்து அடைக்கும். எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றி, ஆயிரம் இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டி, மறுபடியும் மாற்றுதலே தக்கது. புகையை மறைக்கும்பொருட்டு மிகத் தடித்த எண்ணெயை ஊற்றுவதும் எமக்கு உடன்பாடன்று. காலையில் எஞ்சினைக் கிளப்பும்போது அது மேலேறி வால்வுகளை அடையக் காலம் கொள்ளும்; தேய்மானம் மிகுவது அந்நேரத்தில்தான். கைந்நூல் அனுமதிக்கும் எல்லைக்குள் சற்றுத் தடித்ததைக் கொள்ளலாம். நெடுந்தொலைவு ஓடிய வண்டிகளுக்கென்றே விற்கப்படும் எண்ணெய்கள் இறுகிய சீலைச் சிறிது இளக்கும். தேய்ந்த ரிங்கை அவை வளர்க்கமாட்டா.

எத்துணைக் காலத்திற்கொருமுறை மாற்றுவது? இக்காலத்துப் பெட்ரோல் வண்டிகள் பலவற்றிற்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்று கைந்நூல் கூறுகின்றது. புழுதியிலும் வெயிலிலும் நின்று நின்று ஓடும் வண்டிக்கு அதனினும் குறைந்த எல்லை வேண்டும். முதிர்ந்த வண்டிக்கு 5,000 கிலோமீட்டர் என்று கொள்வது எம் கருத்து. ஆயிரத்திற்கொருமுறை மாற்றுவோர் பணத்தை வடிக்கின்றனர். நிறத்தைக் கண்டு அஞ்சுவதும் வேண்டா. டீசல் எஞ்சினில் புது எண்ணெயும் சில நாளிற் கறுத்துவிடும், கரியைத் தாங்கி நிற்பதன் அடையாளம் அது. வடித்ததைச் சாக்கடையிற் கொட்டாமல் உரிமம் பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் சேர்ப்பிக்கவேண்டும்.

யாம் இதனை இத்துணை விரித்ததற்குக் காரணம், சொந்தக் கார் வைத்திருப்போர்பால் உள்ள இரக்கமன்று. எஞ்சின் பிடித்து நின்றுவிட்டால் அவர் வேறொரு வண்டியில் ஏறிச் செல்வர். முதலாளி ஒருவரின் பழைய வண்டியை நாட்கூலிக்கு ஓட்டும் எளியவரின் செய்தி வேறு. அளவுகோலை உருவிப் பார்ப்பவர் அவர். எண்ணெய்க்குப் பணம் தருவதா வேண்டாவா என்று முடிவு செய்பவர் மற்றொருவர். இம்மாதம் ஊற்றிச் சமாளி என்ற சொல்லைப் பல மாதம் கேட்டு ஓட்டியவர்மேலேயே, எஞ்சினை இறக்கவேண்டிய நாளிற் பழி விழுகின்றது. பட்டறையில் வண்டி கிடக்கும் நாட்களுக்குக் கூலியும் இல்லை. எம் கல்லூரியின் பழைய மாணவருள் வண்டிகளை வாடகைக்கு விடுவோர் இருப்பின், எண்ணெய் மாற்றும் நாளைக் குறிக்கும் உரிமையை ஓட்டுநரிடமே விடுவாராக. மாற்றிய தேதியும் அன்று மீட்டர் காட்டிய கிலோமீட்டரும் எழுதிய சீட்டு முதலாளியின் மேசைக்குள் அன்று, வண்டியின் கதவிலே, அவர் கண்முன் ஒட்டப்பட்டிருக்கவேண்டும்.