ஊட்டிக்கு இ-பாஸும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

சித்திரை வெயில் ஏறிவிட்டால் எங்கள் அருள்புரத்தில் பனியன் கம்பெனி வாசல்களில் ஒரே பேச்சுத்தான்: "ஊட்டிக்கு ஒரு நடை போய்ட்டு வரலாமுங்களா?" சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு விடுமுறை. அந்த ஒரு நாளுக்குள் மலையேறி இறங்கியாக வேண்டும்!

முன்பெல்லாம் வேனைப் பேசி, புளிசாத மூட்டையோடு கிளம்பிவிடலாம். இப்போது அப்படி முடியாது, சகோதரிகளே. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் போக வேண்டும் என்றானது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள். ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000.

பக்கத்து வீட்டில் ஓவர்லாக் தைக்கும் பெண் கேட்டாள்: "ஏனுங்கக்கா, காருக்காரங்க செவ்வாக்கெழமைகூடப் போலாம். எங்களுக்கு ஞாயித்துக்கெழமைய விட்டா ஏதுங்க நாளு?"

நியாயமான கேள்வி. ஆனால் மலை திணறுவதும் நிஜம்தானே! பர்லியார் வளைவுகளில் மணிக்கணக்காக வண்டிகள் நிற்க, கைக்குழந்தை வீறிட, ஒதுங்க இடமில்லாமல் நாம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்ததில்லையா? அந்த நெரிசலில் ஆம்புலன்ஸில் வரும் மலையூர்ப் பிரசவக்காரி என்ன பாடுபடுவாள்!

அவளிடம் நான் சொன்னது இதுதான்: அரசுப் பேருந்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, பஸ்ஸில் போகிறவர்களுக்குப் பாஸும் வேண்டாம். ஒரு பஸ்ஸில் ஐம்பது பேர் ஏறினால், ஐந்து பேர் வீதம் போகும் பத்துக் கார் குறைகிறது. ஆகவே வண்டியை எண்ணி நிறுத்துகிறவர்கள் ஞாயிறு விடிகாலையில் திருப்பூரிலிருந்து கூடுதல் பஸ்ஸும் விடட்டும். 2015-இல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்தார்களே, அதேபோல் மலைப்பாதையில் பஸ் நிற்கும் இடங்களில் பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறையும் கட்டட்டும். (மலை ரயில் அழகுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம்! ஒருநாள் லீவுக்கு ஒத்துவராது.)

பிள்ளைகளோடு பஸ்ஸில் போகிறவர்கள் காலையில் பூரி கிழங்கை ஒதுக்கிவிட்டு, இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள். முன்பக்க இருக்கையாகப் பாருங்கள், குமட்டல் குறையும். ஏறும்போதும் இறங்கும்போதும் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தால் காது அடைக்காது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை. எவர்சில்வர் பாட்டில் இருக்கட்டும்.

வேன்தான் பேசப்போகிறீர்கள் என்றால் பாஸை முந்தின வாரமே எடுத்துவிடுங்கள். வண்டி எண், ஆட்களின் எண்ணிக்கை, போகும் நாள், திரும்பும் நாள் எல்லாம் கேட்பார்கள்.