சென்ட் கணக்கில் வேலி பேசலாமா?

கேள்வி: ஆலத்தியூரில் 10 சென்ட் வீட்டு மனை. ஆடு, மாடு நுழையாமல் கல்தூண் ஊன்றி முள்கம்பி வேலி போட வேண்டும். வேலையை எடுப்பவர், ‘சென்ட்டுக்கு இவ்வளவு’ என்று தொகை சொல்கிறார். இது சரியா? என்னென்ன பொருள் தேவைப்படும்?
- வாசகர், ஆலத்தியூர், அரியலூர் மாவட்டம்.

பதில்: சென்ட் என்பது பரப்பு. வேலி ஓடுவதோ சுற்றளவில். 10 சென்ட் என்பது 4,356 சதுர அடி. மனை 66-க்கு 66 அடி சதுரமாக இருந்தால் சுற்றளவு 264 அடி. அதே 10 சென்ட் 33 அடி அகலம், 132 அடி நீளம் என்றால் 330 அடி. சென்ட் கணக்கில் பேசினால் சதுர மனைக்காரருக்குப் பணம் நஷ்டம். நீள மனைக்காரருக்குத் தூண் குறையும், கம்பி மெலியும்.

டேப் பிடிப்பதற்கு முன் எல்லைக்கல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், மனு கொடுத்து நில அளவர் மூலம் அளந்துகொள்ளுங்கள். அந்தக் கட்டணமும் வேலிச் செலவுதான். பக்கத்து மனைக்குள் அரை அடி போய்விட்டால், கான்கிரீட் போட்ட தூண் பிடுங்கும்போது உடைந்துதான் வரும்.

நீள மனையையே கணக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் நடுவில் 12 அடி கேட் போக வேலி 318 அடி. ஏறத்தாழ 10 அடிக்கு ஒரு தூண் என்றால் 32 தூண். கம்பியை இழுத்துக் கட்டும்போது மூலைத்தூண்தான் முதலில் சாயும். அதனால் நான்கு மூலைக்கும் இரண்டிரண்டு முட்டுக்கல், கேட் தூணுக்கு ஒவ்வொன்று, நீளப் பக்கங்களின் நடுவில் இரண்டிரண்டு. ஆக 14. மொத்தம் 46 கல். இறக்கும்போது உடைவதற்கு இரண்டு சேர்த்து 48 ஆக வாங்குங்கள். 7 அடிக் கல்லில் 2 அடி மண்ணுக்குள் போக வேண்டும்.

செம்மண் என்றால் மூலையிலும் கேட்டிலும் மட்டும் கான்கிரீட் போட்டு, மற்றதைக் கல்லும் மண்ணும் போட்டு இடித்தால் போதும். கரிசல் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அங்கே எல்லாக் குழிக்கும் கான்கிரீட் நல்லது. ஓரடிச் சதுரம், 2 அடி ஆழக் குழிக்கு 1:3:6 கலவையில் சுமார் 11 மூட்டை சிமென்ட், 40 கன அடி மணல், முக்கால் யூனிட் ஜல்லி. சிமென்ட் ஆலை இருக்கும் ஊர்தானே என்று மூட்டை விலையைக் குறைத்துப் போட வேண்டாம். கடையில் கேட்ட விலையையே எழுதுங்கள்.

கம்பியில்தான் ஏமாற்றம் அதிகம். ஐந்து வரிசைக்கு 1,590 அடி. முறுக்கிக் கட்டும் சேதாரத்தோடு சுமார் 510 மீட்டர். கடையில் கிலோ கணக்கில் விற்பார்கள். கேஜ் எண் கூடினால் கம்பி மெல்லியது. 12 கேஜைவிட 14 கேஜ் மெலிது. ‘கிலோ விலை குறைவு’ என்பதை மட்டும் பார்க்காமல், 10 மீட்டரை அளந்து எடை போடச் சொல்லுங்கள். அது 1 கிலோ இருந்தால் 51 கிலோ வேண்டும். கீழ் இரண்டு வரிசையை அரையடி இடைவெளியில் கட்டுங்கள். அப்படியும் ஆட்டுக்குட்டி நுழையும். அடியில் இரண்டடிக்கு வலை அடித்தால்தான் நிற்கும்.

கையில் பணம் போதாவிட்டால் மூலை, கேட், நடுத்தூண், முட்டு இவற்றைக் குறைக்காதீர்கள். இடைத்தூணில் ஒன்றுவிட்டு ஒன்றுக்குப் பதிலாக, மழைக்கு முன் கிளுவைப் போத்து ஊன்றலாம்.

வேலை எடுப்பவரிடம் தூண் எண்ணிக்கை, குழி ஆழம், கம்பியின் கேஜ், வரிசை, இறக்குக்கூலி யாருடையது என்பதை எழுதி வாங்கிக்கொண்டு, ஓடும் அடிக்கு இவ்வளவு என்று பேசுங்கள். கேட்டுக்குத் தனிக் கணக்கு.