முழங்காலில் நோவு, இடுப்பில் நோய்

ஓடி விளையாடும் பிள்ளை இரவிலே காலைப் பிடித்துக்கொண்டு முனகினால், "வளருகிற பிள்ளைக்குக் கால் உளையத்தானே செய்யும்" என்று எண்ணெய் தடவிப் படுக்க வைப்பது நம் இல்லங்களில் வழக்கம். பெரும்பாலும் அது சரியாகவே முடியும். ஆயினும் அவ்வழக்கம் பிழைத்துப்போன ஒரு சந்தர்ப்பத்தை, அதில் எனக்கிருந்த பங்கையும் மறையாது, இவ்வாரம் வாசகர் முன் வைக்க விரும்புகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன், எமது கல்லூரியில் விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி நடைபெற்ற காலம். கீழ்ப்பிரிவில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் ஒரு சுற்று ஓடியதும் இடது காலை இழுத்து இழுத்து நடப்பான். "என்ன?" என்று கேட்டால் முழங்காலைத் தொட்டுக் காட்டுவான். முழங்காலிலே வீக்கமில்லை, காயமில்லை. சற்று இளைப்பாறினால் நோவும் போய்விடும். ஓடப் பஞ்சிப்பட்டு நடிக்கின்றான் என்று நான் முடிவு செய்தேன். மற்றைய மாணவர் முன்னிலையில் அதனைச் சொல்லியும் விட்டேன். வீட்டிலோ தாயார் இரண்டு மாதமாக முழங்காலுக்கு எண்ணெய் பூசி வந்தார். முழங்காலை எக்ஸ்றேப் படம் பிடித்தும் பார்த்தார்கள். படத்தில் ஒரு குறையும் இல்லை. இறுதியில் வேறொரு வைத்தியர் சிறுவனை மல்லாக்கக் கிடத்தி, இரு தொடைகளையும் அகற்றிப் பார்த்தார். வலத்தொடை தாராளமாக விரிந்தது. இடத்தொடை பாதியிலே நின்றுவிட்டது. "படம் எடுக்கவேண்டியது முழங்காலை அன்று, இடுப்பை" என்றார் அவர்.

நோயின் பெயர் பேர்தீசு நோய். இடுப்பில் இருக்கும் நோய்க்கு முழங்கால் ஏன் அழவேண்டும்? இடுப்பு மூட்டுக்குச் செல்லும் நரம்பொன்றின் கிளைகள் முழங்காலுக்கும் செல்கின்றன. ஆகவே மேலே எழும் நோவைக் கீழே எழுந்ததாக மூளை கொள்கின்றது. சிறுவன் பொய் சொல்லவில்லை; தான் உணர்ந்ததையே சொன்னான்.

இடுப்பு மூட்டு பந்தும் கிண்ணமும் போன்றது. தொடையென்பின் உருண்டையான தலை பந்து. இடுப்பென்பின் குழி கிண்ணம். நாம் ஒற்றைக் காலில் நிற்கும் கணத்தில் உடல் நிறையின் இரு மடங்குக்கு மேற்பட்ட சுமையை இப்பந்து தாங்குகின்றது. பிள்ளைப் பருவத்தில் பந்துக்கும் தொடையென்பின் கழுத்துக்கும் இடையே வளர்ச்சித் தட்டு என்னும் குருத்தெலும்புப் படை உண்டு. என்பின் கழுத்தினுள்ளே ஓடும் குருதி அதனைக் கடந்து பந்தினுள் புகுதல் அரிது. கழுத்தின் வெளிப்புறமாக ஏறிவரும் சில நுண்ணிய குருதிக் கலன்களையே பந்து பெரிதும் நம்பி வாழ்கின்றது. அக்குருதியோட்டம் தடைப்பட்டால் பந்தின் என்பு உயிரிழக்கின்றது.

ஆனால் குழந்தையின் உடல் அதனை அப்படியே விட்டுவிடுவதில்லை. குருதிக் கலன்கள் மீண்டும் உட்புகுகின்றன. இறந்த என்பு சிறிது சிறிதாக அகற்றப்படுகின்றது. அவ்விடத்தில் புதிய என்பு படிகின்றது. இப்பணி முற்றுப்பெற இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் செல்லும். பழையது அகன்று புதியது உறுதிபெறாத இடைக்காலமே ஆபத்தான காலம். அப்போது பந்து சூளைக்குப் போகாத பச்சை மண் போன்றது. கிண்ணத்தினுள் முழுமையாக அடங்கியிருந்தால் கிண்ணமே அச்சாக நின்று அதனை உருண்டையாக வைத்திருக்கும். ஒரு பக்கம் வெளியே பிதுங்கி நின்றாலோ, கிண்ணத்தின் விளிம்பு அழுத்த, பந்து தட்டையாகிவிடும். தட்டையாக இறுகிய பந்து நடுத்தர வயதிலே மூட்டைத் தேய்த்து வாதமாக வந்து நிற்கும். சிகிச்சையின் இரகசியம் முழுவதும் இவ்வளவே: பந்து இளகியிருக்கும் வரை அது கிண்ணத்தை விட்டு விலகாது காத்தல்.

இந்நோய் இனங்காணப்பட்ட வரலாறும் மாணாக்கர் அறியத்தக்கது. முன்னாளில் பிள்ளையின் இடுப்பு நோவென்றால் அது காசநோய் என்றே பெரும்பாலும் கருதினர். 1895 ஆம் ஆண்டில் இறொண்ட்சன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்த பின்னரே என்பினுள் நிகழ்வதைக் காணும் வழி பிறந்தது. 1909 இல் சுவீடன் நாட்டு வால்டன்ஸ்ரோம் இந்நோயை விவரித்தாராயினும், அதனைக் காசநோயின் ஒரு வகை என்றே எண்ணினார். அடுத்த ஆண்டாகிய 1910 இல் அமெரிக்காவில் லெக், பிரான்சில் கால்வே, ஜேர்மனியில் பேர்தீசு ஆகிய மூவரும் தனித்தனியே, இது காசநோயன்று என்று எழுதினர். அதனால் மூவர் பெயரும் சேர்ந்தே வைத்திய நூல்களில் வழங்குகின்றன.

நோய் பெரும்பாலும் நான்கு முதல் எட்டு வயதுக்குள் தோன்றும். சிறுமியரிலும் சிறுவருக்கு நான்கைந்து மடங்கு அதிகம். பொதுவாக ஒரு பக்கத்தையே பற்றும். 100 பேரில் 10 முதல் 15 பேருக்கு இரு பக்கமும் பற்றுவதுண்டு. அடிபடாமலே நொண்டுதல், ஓடினால் கூடி இளைப்பாறினால் குறையும் நோவு, தொடையை அகற்றவும் உள்நோக்கித் திருப்பவும் இயலாமை, நாட்பட்டால் தொடை மெலிதல் என்பன அறிகுறிகள். தொடக்கத்தில் எக்ஸ்றேப் படம் குறையின்றித் தோன்றுவதும் உண்டு. நொண்டல் நீடித்தால் மீண்டும் படம் எடுத்தல் வேண்டும், எம்.ஆர்.ஐ. படம் முன்னதாகவே காட்டிவிடும். காய்ச்சலோடு பிள்ளை காலை ஊன்ற மறுத்தால், அது மூட்டில் சீழ் கட்டும் வேறு நோயாக இருக்கலாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். மறுநாள் வரை பொறுத்தல் ஆகாது.

வயது இங்கே பெரிய செல்வம். ஆறு வயதுக்கு முன் நோய் கண்ட பிள்ளைகளுள் பெரும்பாலோர் நன்கு தேறுவர். பந்து மீள உருண்டு வளர அவர்களுக்கு நெடுங்காலம் உண்டு. எட்டு வயதின் பின் தொடங்கினால் அவ்வாய்ப்புக் குறைவு. ஆண்டுக்கணக்கில் கட்டிலில் கிடத்திய பழைய முறை இன்று கைவிடப்பட்டுவிட்டது. இளம் பிள்ளைகளை ஓட்டம், பாய்ச்சல் நீக்கி, மூட்டு இறுகாதவாறு பயிற்சியளித்து, காலத்துக்குக் காலம் படம் பார்த்து வருவர், நீந்துதல் நன்று. சிலருக்குக் கால்களை அகற்றி வைக்கும் கட்டு வேண்டியிருக்கும். வளர்ந்த பிள்ளைகள் சிலருக்கு, தொடையென்பையோ இடுப்பென்பையோ வெட்டித் திருப்பிப் பொருத்தி, பந்தைக் கிண்ணத்தினுள் அடக்கும் சத்திரசிகிச்சை செய்வர். எண்ணெயும் பத்தும் நோவை ஆற்றலாம். பந்தைக் கிண்ணத்தினுள் இருத்த அவற்றால் இயலாது.

குருதி ஏன் தடைப்படுகின்றது என்பதற்கு வைத்திய உலகம் இன்னும் முடிவான விடை காணவில்லை. ஆயினும் இது தொற்றுநோயன்று. தாய் ஊட்டாததாலோ தந்தை கவனியாததாலோ வருவதுமன்று. அச்சிறுவனின் தாயார், "நான் செய்த பாவமோ?" என்று என்னிடம் கேட்டார். "இல்லை அம்மா" என்று சொன்னபோது, பாவம் என்று ஒன்றிருந்தால் அது விளையாட்டுத் திடலில் நான் சொன்ன சொல்தான் என்று என் மனம் அறிந்திருந்தது.

மூன்று ஆண்டுகள் அவன் ஓடவில்லை. போட்டி நாட்களில் என் பக்கத்தில் அமர்ந்து புள்ளிகளை எழுதினான். இப்போது நடக்கின்றான், மிதிவண்டி ஓட்டுகின்றான். இடது கால் சற்றுக் குட்டை. உற்றுப் பார்த்தாலன்றித் தெரியாது. நான் அன்று அவனை நடிப்பவன் என்று சொன்னதை மறந்திருப்பான் என்றே எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு விளையாட்டுப் போட்டிக்கு முன், சின்னஞ்சிறு மாணவன் ஒருவனைக் கையிற் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தான். "சேர், இவன் நொண்டுகிறான். நடிக்கவில்லை" என்றான்.

அந்தப் பிள்ளையின் காலில் முள் மாத்திரமே இருந்தது. ஆயினும் நான் முதலிற் பார்த்தது அவனுடைய இடுப்பை.