ஏவல் கேட்கும் இல்லம்

வாய்ச்சொல்லே செயலாகிவிட வேண்டும் என்னும் ஆசை மனிதனுக்கு மிகப் பழையது. திருமறைக்காட்டில் அடைபட்டுக் கிடந்த கோயிற் கதவு நாவுக்கரசர் பாடத் திறந்தது என்றும், ஞானசம்பந்தர் பாட அடைத்துக்கொண்டது என்றும் பெரியபுராணம் கூறுகின்றது. அரபு நாட்டுக் கதையிலே அலிபாபா ஒரு சொல்லைச் சொன்னான். மலைக்குகையின் வாயில் திறந்தது. இலக்கியத்திலும் கதையிலும் வாழ்ந்துவந்த இவ்வாசை இன்று கடையில் விலைக்குக் கிடைக்கும் பொருளாகிவிட்டது. விளக்கை ஏற்று என்றால் விளக்கு எரிகின்றது. விசிறியை நிறுத்து என்றால் விசிறி நிற்கின்றது. கேட்பதற்கு இன்பமாகவே இருக்கின்றது. ஆயினும், புதிய பணியாள் ஒருவரை வீட்டில் சேர்க்குமுன் அவருடைய திறம் யாது, குறை யாது என்று ஆராய்வது நம் வழக்கம் அன்றோ? சொற்கேட்டு நடக்கும் இந்தப் பொறியையும் அவ்வாறே ஆராய்தல் நன்று.

மனிதக் குரலைப் பொறிக்குப் புரியவைக்கும் முயற்சி நேற்றுத் தோன்றியதன்று. 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் 'ஆட்ரி' என்னும் பொறியை அமைத்தனர். சுழி முதல் ஒன்பது வரையுள்ள எண்களை மட்டுமே அது அறிந்தது. அவற்றையும் பழகிய குரலில் சொன்னால்தான் நன்கு அறிந்தது. 1962ஆம் ஆண்டில் சியாட்டில் நகரத்து உலகக் கண்காட்சியில் ஐ.பி.எம். நிறுவனத்தார் 'ஷூபாக்ஸ்' என்னும் பொறியைக் காட்டினர். அது 16 சொற்களை உணர்ந்தது. 1976ஆம் ஆண்டில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான 'ஹார்ப்பி' ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட சொற்களை உணர்ந்தது. இவ்வாறு படிப்படியாக வளர்ந்த கலை, 2014ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அமேசான் நிறுவனத்தார் 'எக்கோ' என்னும் ஒலிபெருக்கியை வெளியிட்டபோது வீட்டுக்குள் குடிபுகுந்தது. அதனுள்ளிருந்து விடை கூறும் குரலுக்கு 'அலெக்சா' என்று பெயர். ஈராண்டு கழித்துக் கூகுள் நிறுவனத்தாரும் அத்தகைய பொறியை விற்கத் தொடங்கினர். குழந்தை ஒன்று நம் பேச்சைப் புரிந்துகொள்ள ஈராண்டு போதும். பொறிக்கோ அறுபது ஆண்டுகளுக்கு மேல் வேண்டியிருந்தது.

இப்பொறி வேலை செய்யும் முறையை அறிந்தால்தான் அதன் திறமும் குறையும் விளங்கும். எக்கோவின் முதற்படைப்பில் ஏழு ஒலிவாங்கிகள் இருந்தன. பேசுவோர் எத்திசையில் நிற்கின்றார் என்பதை உணர்ந்து, பிற ஓசைகளை இயன்றவரை ஒதுக்கி, அக்குரலைப் பற்றிக்கொள்ள அவை உதவின. பெயர் சொல்லி அழைக்கும்வரை பொறி அந்தப் பெயருக்காகவே செவி சாய்த்திருக்கும். அழைத்தவுடன், அடுத்து வரும் பேச்சைப் பதிவுசெய்து, இணையத்தின் வழியே நெடுந்தொலைவிலுள்ள நிறுவனத்தின் கணிப்பொறிகளுக்கு அனுப்பும். பெரும்பாலான பொறிகளில் முறை இதுவே. அங்கே ஒலி சொல்லாகின்றது. சொல்லின் கருத்து உணரப்படுகின்றது. பின்னர் அது கட்டளையாகி மீண்டு வருகின்றது. பத்தடி தொலைவிலுள்ள விளக்கை ஏற்றுவதற்காக நம் குரல் நாடுவிட்டு நாடுகூடச் சென்று திரும்புகின்றது. இவ்வளவும் ஓரிரு நொடியில் முடிந்துவிடுகின்றது. இந்த வியத்தகு ஏற்பாட்டிலேயே பொறியின் வலிமையும் அடங்கியிருக்கின்றது, மெலிவும் அடங்கியிருக்கின்றது.

முதலில் பயனைக் கூறுவோம். "எழுந்து சென்று விளக்கைப் போடக்கூட ஒரு பொறி வேண்டுமா? இது சோம்பேறித்தனம் அன்றோ?" என்று சிலர் ஏளனம் செய்கின்றனர். கையும் காலும் நலமாக உடையவர் பேசும் பேச்சு இது. முதுகுத்தண்டில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே அசைவற்றுப் படுத்திருப்பவரை எண்ணிப் பாருங்கள். நள்ளிரவில் புழுக்கம் மிகுந்தால் விசிறியைச் சுழலவிட அவர் மற்றொருவரை எழுப்ப வேண்டும். எழுப்பப்பட்டவர் அன்புடையவராகவே இருக்கலாம். ஆயினும் ஒவ்வொரு முறையும் கேட்டுப் பெறவேண்டியிருப்பதே ஒரு துன்பம் அன்றோ? தம் வாய்ச்சொல்லால் தாமே விசிறியைச் சுழற்றிக்கொள்ளும் நாளில் அவர் பெறுவது காற்று மட்டுமன்று, தன்மதிப்பும் ஆகும்.

கண்பார்வை இல்லாதவர் இப்போது மணி என்ன என்று கேட்டால் பொறி உடனே விடை கூறுகின்றது. மூட்டுவலியால் விரல் மடங்காத முதியவர் சிறிய பொத்தான்களோடு போராட வேண்டுவதில்லை. கை நிறைய மாவோடு நிற்கும் தாய், அடுப்பில் வைத்ததைப் பத்து நிமிடத்தில் நினைவூட்டுமாறு சொல்லிவிட்டுத் தன் வேலையைத் தொடரலாம். இவையெல்லாம் மெய்யான நன்மைகள். இவற்றை மறுப்பது அறிவுடைமை ஆகாது.

இனிக் குறைகளைக் காண்போம். அலிபாபாவின் கதையில் அவனுடைய தமையன் காசிம் என்பான் குகைக்குள் புகுந்தான். பொன்னையும் மணியையும் வாரிக் கட்டினான். ஆனால் வெளியே வருவதற்குரிய சொல் அவனுக்கு மறந்துபோயிற்று. எள்ளின் பெயரைச் சொல்ல வேண்டியவன் வேறு தானியங்களின் பெயர்களையெல்லாம் சொல்லிப் பார்த்தான். கதவு அசையவே இல்லை. ஏவல் கேட்கும் இல்லத்திலும் இந்நிலை உண்டு. ஒவ்வொரு விளக்கிற்கும் ஒவ்வொரு விசிறிக்கும் ஒரு பெயர் சூட்ட வேண்டும். சூட்டிய பெயரைப் பிழையின்றி நினைவில் வைக்கவும் வேண்டும். வீட்டார் ஒருவாறு பழகிக்கொள்வர். விருந்தாக வந்தவர் என் செய்வார்? அவர் வழக்கம்போலச் சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துவிட்டு உறங்கினால், மின்சாரமே இல்லாத விளக்கை நோக்கி வீட்டுக்காரர் மறுநாள் மாலையில் எத்தனை முறை கட்டளையிட்டாலும் அது எரியாது.

பொறியின் செவி எல்லார் பேச்சையும் ஒன்றுபோலக் கேட்பதும் இல்லை. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐந்து பெரிய நிறுவனங்களின் குரலறியும் முறைகளை ஆராய்ந்து 2020ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். வெள்ளையர் பேச்சில் நூற்றுக்குச் சராசரி 19 சொற்களைப் பிழைபடக் கேட்ட அம்முறைகள், கறுப்பின மக்களின் பேச்சில் நூற்றுக்கு 35 சொற்களைப் பிழைபடக் கேட்டன. பொறிக்கு எவருடைய பேச்சைக் கொண்டு மிகுதியாகப் பாடம் கற்பித்தார்களோ, அவருடைய பேச்சையே அது நன்கு கேட்கும். பக்கவாதத்தாலோ வேறு நோயாலோ நாக்குழறும் ஒருவருக்கு இத்தகைய உதவி மிகவும் வேண்டியதாகும். ஆனால் அவருடைய பேச்சைத்தான் பொறி எளிதில் அறிவதில்லை. யாருக்கு மிகுதியாகத் தேவையோ அவருக்குக் குறைவாகப் பயன்படுவது இதன் பெருங்குறை.

கேளாக் குறை ஒருபுறம் இருக்க, கேட்கத் தகாததைக் கேட்கும் குறையும் உண்டு. 2017ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் பர்கர் கிங் என்னும் உணவு நிறுவனம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் செய்தது. அதில் நடிப்பவர் கூகுள் பொறியை அழைத்து ஒரு வினாக் கேட்டார். பார்த்துக்கொண்டிருந்தவர்களின் வீடுகளில் இருந்த பொறிகள் அதைத் தம்மை நோக்கிய கேள்வி என்று கருதி விடைகூறத் தொடங்கின. இது நகைப்பிற்குரியது. 2018ஆம் ஆண்டில் போர்ட்லாந்து நகரில் நிகழ்ந்ததோ நகைப்பிற்குரியதன்று. ஒரு குடும்பத்தார் தமக்குள் பேசிய பேச்சை அலெக்சா பதிவுசெய்து, அவர்கள் அறியாமலே, அவர்களுக்குத் தெரிந்த மற்றொருவருக்கு அனுப்பிவிட்டது. பேச்சின் இடையே வந்த சொற்களைக் கட்டளைகள் என்று பொறி தவறாக உணர்ந்தது என அந்நிறுவனமே விளக்கம் கூறிற்று. குழந்தைகளின் குரற்பதிவுகளை நெடுங்காலம் வைத்திருந்தது என்னும் குற்றச்சாட்டின்பேரில், அமெரிக்க அரசுடன் 2023ஆம் ஆண்டில் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, அமேசான் 250 இலட்சம் டாலர் செலுத்த இசைந்தது. வீட்டில் பேசும் பேச்சு வீட்டோடு நிற்க வேண்டும் என்பது எல்லா நாட்டு மக்களுக்கும் பொதுவான விருப்பம். அதனைக் காக்கத் தெரியாத பணியாள் எவ்வளவு சுறுசுறுப்புடையதாயினும் பயன் என்ன?

இவை அனைத்தினும் பெரிய குறை ஒன்று உண்டு. அஃது இந்தப் பொறி நமக்கு முழுவதும் சொந்தம் அன்று என்பதே. 'ரெவால்வ்' என்னும் கருவியை 299 டாலர் கொடுத்து அமெரிக்க மக்கள் வாங்கினர். வீட்டிலுள்ள பல பொருள்களையும் ஒன்றாக இணைத்து நடத்தும் கருவி அது. அந்நிறுவனத்தை வாங்கிய நெஸ்ட் நிறுவனத்தார் 2016ஆம் ஆண்டு மே திங்களில் அதற்குரிய கணிப்பொறிச் சேவையை நிறுத்திவிட்டனர். கருவி உடையவில்லை; கம்பி அறவில்லை; ஆயினும் அது வெறும் கூடாயிற்று. 2025ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் வர்ஜீனியா மாநிலத்தின் வடபகுதியிலுள்ள அமேசானின் கணிப்பொறி நிலையங்களில் கோளாறு நேர்ந்தது. எத்தனையோ இடங்களில் அலெக்சா விடையிறுக்கவில்லை.

"மின்சாரமும்தான் நின்றுபோகின்றது, அதற்காக மின்விளக்கு வேண்டா என்போமா?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் இங்கே மின்சாரம் இருக்கின்றது. விளக்கும் பழுதின்றி இருக்கின்றது. வீட்டுக்காரரும் வீட்டில் இருக்கின்றார். எங்கோ ஓர் ஊரில் ஒரு கணிப்பொறி தவறியதால் அவருடைய படுக்கையறை இருளடைகின்றது. தேவையில்லாத இடத்தில் ஒரு தளையை நாமே பூட்டிக்கொண்டதால் வந்த இருள் இது.

அவ்வாறாயின் இப்பொறிகளை விலக்கிவிடுவதா? அதுவும் முறையன்று. எதை எதற்குப் பயன்படுத்துவது என்று தெரிந்துகொள்வதே முறை. முதலாவதாக, எல்லாவற்றையும் வாயால் சொல்லவேண்டும் என்பதில்லை. வள்ளுவர் 'குறிப்பறிதல்' என்னும் பெயரில் இரண்டு அதிகாரங்கள் அமைத்துள்ளார். சொல்லாமலே கருத்தறிந்து செய்வதன் சிறப்பை அவற்றுள் ஒன்று பேசுகின்றது. நம் வீடுகளில் மேல்நிலைத் தொட்டி நிரம்பியவுடன் மோட்டாரைத் தானே நிறுத்தும் சிறு கருவி இருக்கின்றது. அதனிடம் நாம் பேசுவதில்லை. அதுவும் நம்மிடம் பேசுவதில்லை. நீர் வீணாகாமல் காக்கின்றது. ஆள் நுழைந்தவுடன் மாடிப்படியில் எரியும் விளக்கும் இத்தகையதே. ஓசையின்றி முடியும் வேலைக்கு ஓர் உரையாடல் எதற்கு?

இரண்டாவதாக, குரலுக்குப் பணிவது கைக்கும் பணிய வேண்டும். சுவரிலுள்ள சுவிட்சை எடுத்துவிட்டுக் குரலை மட்டும் நம்புவது, ஊன்றுகோல் கிடைத்ததென்று காலை வெட்டிக்கொள்வதை ஒக்கும். மூன்றாவதாக, வீட்டுக் கட்டளை இயன்றவரை வீட்டுக்குள்ளேயே நிறைவேற வேண்டும். இஃது இயலாத கனவன்று. 2013ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற 'ஹோம் அசிஸ்டென்ட்' என்னும் மென்பொருள் வீட்டிலுள்ள சிறு கணிப்பொறியிலேயே இயங்குகின்றது. விலையின்றிக் கிடைக்கும் அம்மென்பொருளை ஆக்குவோர் 2023ஆம் ஆண்டினைக் குரலுக்கென்றே ஒதுக்கி, சொல்லை வெளியே அனுப்பாமல் வீட்டிலேயே உணரும் வழிகளை வகுத்தனர். அமைப்பதற்குப் பொறுமையும் ஓரளவு அறிவும் வேண்டும்; அதனால் வரும் உரிமை அவ்வுழைப்பிற்கு ஏற்ற பயனாகும்.

நான்காவதாக, பொறிக்காக மனிதர் தம் பேச்சை மாற்றிக்கொள்வதைவிட மனிதருக்காகப் பொறி தன் செவியைத் திருத்திக்கொள்ள வேண்டும். 2022ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தார், நோயினால் பேச்சு மாறியவர்களின் குரல்களைத் திரட்டிப் பொறிகளுக்குக் கற்பிக்கும் பணியைத் தொடங்கினர். பெரிய நிறுவனங்கள் பலவும் அதற்குத் துணை நின்றன. இது போற்றத்தக்க பணி. நமக்கும் இதில் கடமை உண்டு. நெல்லைத் தமிழும் கொங்குத் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் ஓசையால் வேறுபடுவதை அறிவோம். ஏட்டுத் தமிழை மட்டும் கேட்டு வளர்ந்த பொறிக்கு நம் பாட்டியின் பேச்சு எவ்வாறு விளங்கும்? 'காமன் வாய்ஸ்' என்னும் பொதுத் தொகுப்பிற்குத் தமிழர் பலர் தம் குரலைக் கொடையாக நல்கியுள்ளனர். இக்கொடை பெருகப் பெருகப் பொறியின் தமிழும் பெருகும்.

மாணவர்களே! நாளை இத்தகைய பொறிகளைச் செய்வோரும் வாங்குவோரும் நீங்களே. புதுமை என்பதற்காக ஒரு பொருளை வணங்குதலும் வேண்டா. புதுமை என்பதற்காகவே வெறுத்தலும் வேண்டா. படுக்கையிலிருந்து எழ இயலாதவருக்கு இது விளக்கேற்றுகின்றதா, முதியவரின் பேச்சு இதற்குப் புரிகின்றதா, வீட்டுப் பேச்சை வீட்டோடு வைக்கின்றதா, இணையம் அறுந்த இரவிலும் வீடு வீட்டாருடையதாகவே இருக்கின்றதா என்று கேளுங்கள். இந்நான்கிற்கும் ஆம் என்று விடை வருமாயின் அப்பொறியை மகிழ்ந்து ஏற்கலாம். இல்லையெனின், விரலுக்கு உடனே பணியும் சுவரிலுள்ள சிறு சுவிட்சே அதனினும் சிறந்த பணியாள் என்று அறிக.