கைக்கெட்டும் தூரத்தில் கண்ணி



காலை ஒன்பது மணிக்குக் கடையின் ஷட்டரைத் தூக்குகிறீர்கள். கல்லாவில் உட்கார்ந்தால் லுஹருக்கு ஒருமுறை எழுகிறீர்கள். அஸருக்கு ஒருமுறை, மக்ரிபுக்கு ஒருமுறை. (பள்ளிவாசல் பக்கம் போகாதவருக்கு அதுவும் இல்லை.) சரக்கை எடுத்துப் போடப் பையன் இருக்கிறான். டீ வாங்கி வரவும் அவனே. இரவு பத்தரைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு, அடுத்த தெருவில் இருக்கும் வீட்டுக்கும் பைக்கில்தான் போகிறீர்கள். அல்லது வழியில் பரோட்டாக் கடையில் நிறுத்துகிறீர்கள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்ட கையோடு படுக்கை.

இதில் எதையாவது நீங்கள் யோசித்து முடிவு செய்தீர்களா? இல்லை. அது பழகிவிட்டது. பழக்கம் யாரையும் அனுமதி கேட்டுக்கொண்டு வருவதில்லை. கைக்கு எட்டும் தூரத்தில் எது இருக்கிறதோ அதுவே பழக்கமாகிறது. இதைத்தான் இந்த இதழில் உங்களோடு பேச விரும்புகிறோம். ஏனென்றால் தன் கைக்கு எட்டும் தூரத்தில் மட்டுமல்ல, தன் தெருவில் உள்ள சிறுவர்களின் கைக்கு எட்டும் தூரத்திலும் எது இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவன் கடைக்காரன்.

முதலில் உங்கள் நாற்காலியைப் பார்ப்போம். 1953ஆம் ஆண்டு ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் நகரத்து மாடிப் பேருந்துகளை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார். ஓட்டுநர் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கிறார். நடத்துநர் நாள் முழுதும் மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுக்கிறார். ஒரே வண்டி, ஒரே சாலை, ஒரே புகை. ஆனால் மாரடைப்பு ஓட்டுநர்களுக்குத்தான் அதிகம் வந்தது. நடத்துநர்களுக்கு வந்தபோதும் தாமதமாக வந்தது, உயிரைக் கொண்டுபோனதும் குறைவு. தொப்பை உள்ளவர்தான் ஓட்டுநர் வேலைக்குப் போயிருப்பாரோ என்ற சந்தேகத்தையும் அவர் விடவில்லை. சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பளவு இளவயதிலேயே பெரிதாகத்தான் இருந்தது. ஆகவே பழி முழுவதையும் நாற்காலியின் தலையில் போட முடியாது. ஆனால் நடந்து கடிதம் கொடுத்த தபால்காரர்களையும் மேசையில் உட்கார்ந்த குமாஸ்தாக்களையும் ஒப்பிட்டபோதும் இதே வித்தியாசம்தான் தெரிந்தது. அதற்குப் பின் எழுபது ஆண்டு ஆய்வுகளும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கின்றன.

உங்கள் கடையில் யார் ஓட்டுநர், யார் நடத்துநர்? முதலாளி உட்கார்ந்தே இருக்கிறார், பையன் பரண் ஏறி இறங்குகிறான். சம்பளம் வாங்குபவனுக்கு ஆரோக்கியமும், சம்பளம் கொடுப்பவருக்கு மாத்திரையும்!

"வியாபாரம் நல்லா போகுது போல, தொப்பையே சொல்லுதே" என்று தோளில் தட்டிப் பாராட்டும் வழக்கம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. ஜவுளிக்கடை வைத்திருப்பவர்கள் கையிலேயே டேப் இருக்கிறது. தொப்புளை ஒட்டிச் சுற்றிப் பாருங்கள். இந்தியர் உடலுக்கு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. தாண்டினால் ஆபத்து என்பது மருத்துவர்கள் வகுத்த அளவு. வெள்ளைக்காரனுக்குச் சொல்லும் அளவைவிட இது குறைவு. ஆள் ஒல்லியாகத் தெரிந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பைச் சேர்த்து வைக்கும் உடம்பு நம்முடையது.

அடுத்து டீ. ஏஜெண்ட் வந்தால் ஒரு டீ, மொத்த வியாபாரி வந்தால் ஒரு டீ, பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தால் ஒரு டீ, யாரும் வராவிட்டால் வியாபாரம் இல்லையே என்று ஒரு டீ. எட்டு டீ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, ஏறத்தாழ 10 கிராம். நாளொன்றுக்கு 80 கிராம்! சாதாரண மனிதனுக்கு 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்பதே உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட பரிந்துரையின் கணக்கு. ஒரு கிண்ணத்தில் 80 கிராம் சர்க்கரையைக் கொட்டி "சாப்பிடுங்கள் பாய்" என்று நீட்டினால் தின்பீர்களா? பிஸ்கட்டை நாம் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானது. நம் நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு, இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்று அது சொன்னது. வாசலில் நிற்பவர் திரும்பி வர முடியும். இதற்கு அமெரிக்காவரை போக வேண்டியதில்லை, சென்னையிலேயே ஆதாரம் இருக்கிறது. டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் அப்படி வாசலில் நின்ற 531 பேரை மூன்றாண்டு கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். எந்த ஆலோசனையும் பெறாதவர்களில் 100க்கு 55 பேர் நீரிழிவுக்குள் விழுந்தார்கள். தினம் அரைமணி நடை, சர்க்கரை, எண்ணெய், மாவுப் பண்டங்களில் குறைப்பு என்று மாறியவர்களில் 39 பேர்தான் விழுந்தார்கள். மாத்திரை கொடுக்கப்பட்டவர்களுக்கும் ஏறத்தாழ அதே பலன்தான். நடையும் மாத்திரையும் ஒரே வேலையைச் செய்கிறது என்றால், நடையை வேண்டாம் என்பவரை என்ன சொல்வது?

இளைஞர்களே, இது வாப்பாவுக்குச் சொல்லும் செய்தி என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இப்போது உங்களிடம் வருகிறோம்.

இஷாவுக்குப் பிறகு தெருமுனையில் நான்கு பேர் கூடுகிறீர்கள். ஒருவன் சிகரெட்டைப் பற்றவைக்கிறான். மற்றவன் வாங்கி ஓர் இழுப்பு இழுக்கிறான். "எனக்கு அடிமைத்தனம் எல்லாம் இல்லை, எப்போது வேண்டுமானாலும் விட்டுவிடுவேன்" என்கிறான். இழுத்த புகையிலுள்ள நிகோடின் மூளையைத் தொடச் சில விநாடிகள் போதும். அதனால்தான் மூளை அந்த இடத்தையும், அந்த நேரத்தையும், அந்த நண்பனின் முகத்தையும் புகையோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுகிறது. மறுநாள் அதே முனைக்கு வந்து நின்றாலே கை பாக்கெட்டைத் தேடுகிறது.

ரமளானில் நடப்பதைக் கவனியுங்கள். நாளைக்கு ஒரு பாக்கெட் ஊதும் மனிதர் ஸஹரிலிருந்து மக்ரிப்வரை பதின்மூன்று மணி நேரம் தொடாமல் இருக்கிறார். ஒரு நாள் அல்ல, ஒரு மாதம். மற்ற மாதங்களில் இரண்டு மணி நேரம் தாங்காத மனிதர்! எப்படி முடிந்தது? ஈமான்தான் காரணம் என்பீர்கள். உண்மை. அதோடு இன்னொன்றும் இருக்கிறது. அந்த ஒரு மாதம் மட்டும் வீடும் கடையும் தெருவும் சேர்ந்து மாறிவிடுகின்றன. பகலில் டீ வருவதில்லை, சாப்பாட்டுக்குப் பிந்தைய சிகரெட்டுக்குச் சாப்பாடே இல்லை, நீட்டுகிற நண்பனும் நோன்பாளி. ஆனால் நோன்புக் கஞ்சியைக் குடித்துக் கை கழுவியதும் பள்ளிவாசல் சந்தில் ஒரு கூட்டம் நிற்கிறதே, பார்த்திருக்கிறீர்களா? பகலெல்லாம் மாறியிருந்த உலகம் அந்த நிமிடத்தில் பழையபடி திரும்பிவிடுகிறது. பெருநாளன்று முழுதாகத் திரும்பிவிடுகிறது.

வியட்நாம் போர்க்களத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஹெராயினில் மூழ்கினார்கள். 1971இல் ஊர் திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற பெண் ஆய்வாளர் பின்தொடர்ந்து விசாரித்தார். சாதாரணச் சிப்பாய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அங்கே அடிமையாகி இருந்தார். நாடே அஞ்சியது. ஆனால் அப்படி அடிமையானவர்களில் ஊர் வந்த முதலாண்டில் மீண்டும் அடிமையானவர்கள் 100க்கு 5 பேர். மூன்றாண்டில் 12 பேர். அந்தக் களம் இல்லை, அந்தக் கூட்டாளி இல்லை, மலிவாகக் கையில் வந்து விழும் பொட்டலமும் இல்லை. இதைப் படித்துவிட்டு எல்லாப் போதையும் ஊர் மாறினால் போய்விடும் என்று எண்ண வேண்டாம். குறிப்பாக நெடுநாள் குடிக்கு அடிமையானவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவரை மருத்துவரிடம்தான் அழைத்துப்போக வேண்டும். நம்மவரில் குடிப்பவர் இல்லை என்று மேடையில் பேசலாம், ஜமாஅத்துக்கு வரும் தலாக் வழக்குகளை உட்கார்ந்து கேட்டவர் பேசமாட்டார்.

இனி வியாபாரச் சகோதரர்களிடம் ஒரு வார்த்தை, கசப்பான வார்த்தை.

பெட்டிக்கடை முகப்பில் ஒரு கொக்கி இருக்கும். அதில் வாழைத்தார் தொங்கும். இன்று பல கடைகளில் அந்தக் கொக்கியில் பாக்குப் பொட்டலங்கள் சரம் சரமாகத் தொங்குகின்றன. எந்த உயரத்தில்? எட்டாம் வகுப்புப் பையனின் கண்ணுக்கு நேராக. புகையிலை இல்லாத வெறும் பாக்குத்தானே என்று சொல்லாதீர்கள். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் அறிவித்துவிட்டது. தொடர்ந்து மெல்லுகிறவனின் கன்னத்தின் உட்புறம் நாராக இறுகிப்போகிறது. வாய்க்குள் மூன்று விரல் நுழையாத நிலை வருகிறது. கல்யாண வீட்டில் பிரியாணித் தட்டின் முன்னால் வாயைத் திறக்க முடியாமல் உட்காரும் இருபத்தைந்து வயது வாலிபனை நினைத்துப் பாருங்கள்.

குட்காவுக்குத் தமிழ்நாட்டில் 2013இல் தடை ஆணை வந்தது. வழக்கு நீதிமன்றங்கள்வரை போய்வந்தது. ஆனால் கல்லாவுக்கு அடியிலிருந்து பொட்டலம் எடுத்துக் கொடுக்கும் கை மட்டும் நிற்கவில்லை. 18 வயதுக்கு உட்பட்டவருக்குப் புகையிலை விற்பதும், கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள் விற்பதும் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். "அத்தாவுக்கு வாங்கி வரச் சொன்னார்" என்று வரும் பத்து வயதுப் பையனிடம் ஒற்றைச் சிகரெட்டை எடுத்துக் கொடுக்கும் நாம், அவனுக்குக் கொடுத்தது சிகரெட் மட்டும்தானா? மருந்துக்கடை வைத்திருப்போருக்கும் இது பொருந்தும். சீட்டு இல்லாமல் வலி மாத்திரை கேட்டு வரும் வாலிபன் அதைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறான் என்பது நம் ஊர்களில் யாருக்கும் தெரியாத இரகசியமல்ல.

"பாய், அதில் லாபம் ஒன்றுமில்லை. ஆனால் சிகரெட் இல்லையென்றால் ஆள் வரமாட்டான், ஆள் வந்தால்தான் மற்றது விற்கும்" என்பது நமக்குக் கிடைக்கும் பதில். வாதத்தில் நியாயம் இல்லை என்று நாம் சொல்லவில்லை. தனி ஒரு கடைக்காரர் நிறுத்தினால் வாடிக்கை எதிர்க் கடைக்குப் போகும். அதனால்தான் இதைத் தனி ஆளின் தக்வாவுக்கு விட்டுவிடக் கூடாது என்கிறோம். ஒரு தெருவின் கடைக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசட்டும். பள்ளிக்கூடத்தைச் சுற்றியுள்ள கடைகளில் அடுத்த மாதமே முழுதாக நிறுத்தட்டும். அங்கே சட்டமே நம் பக்கம். மற்ற கடைகளில் ஜாடியும் சரமும் முகப்பிலிருந்து போகட்டும், ஒற்றைச் சிகரெட் விற்பனை நிற்கட்டும். கொக்கிக்கு வாழைத்தார் திரும்பட்டும். மேலப்பாளையத்திலும் பேரணாம்பட்டிலும் புகையிலைத் தூளைச் சுவாசித்துக்கொண்டே பீடி சுற்றும் நம் சகோதரிகளின் பிழைப்பு என்னாவது என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான், மாற்றுத் தொழிலுக்காகத் தனியே போராட வேண்டிய விஷயம். அதைக் காட்டிப் பள்ளிக்கூட வாசல் சரத்தை யாரும் நியாயப்படுத்த வேண்டாம்.

கல்லாவில் இருப்பவர் நாளையே செய்யக்கூடியவை சில உண்டு. தண்ணீர்க் குடத்தைக் கைக்கெட்டும் இடத்திலிருந்து கடையின் பின்கட்டுக்கு மாற்றுங்கள், தாகத்துக்கு எழுந்தே ஆக வேண்டும். டீக்கடைக்குப் பையனை அனுப்பாமல் நீங்களே போங்கள், எட்டு டீ தானாகவே மூன்றாகும். பஜ்ருக்குப் பள்ளிவாசலுக்கு வருவோர் வீட்டுக்கு நேர்வழியில் போகாமல் ஊரைச் சுற்றிப் போங்கள். பைக் வீட்டிலேயே நிற்கட்டும்.

எத்தனை நாளில் படியும்? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்துப் பார்த்த ஆய்வில், ஒரு புதிய செயல் யோசிக்காமலே செய்யும் பழக்கமாவதற்கு நடுவாக 66 நாட்கள் பிடித்தன. சிலருக்கு 18 நாளே போதுமாக இருந்தது, சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். ரமளானின் 30 நாளை ஏற்கெனவே கையில் வைத்திருப்பவருக்குப் பெருநாளுக்குப் பின் இன்னும் 36 நாள்தான். அந்த 36 நாளும் இஷாவுக்குப் பிறகு அந்தத் தெருமுனைக்குப் போகாதீர்கள்.

ஐம்பது வயதாகிவிட்டது, இனி விட்டென்ன என்பவருக்கு: பிரிட்டிஷ் மருத்துவர்களை ஐம்பதாண்டு தொடர்ந்து கவனித்த ரிச்சர்ட் டால் குழுவினர் 2004இல் சொன்ன கணக்கு இருக்கிறது. ஐம்பதில் விட்டவருக்குச் சராசரியாக ஆறாண்டு ஆயுள் மிச்சம். முப்பதில் விட்டவருக்கு ஏறத்தாழ பத்தாண்டு.

விட நினைத்து முடியாதவர்களுக்கு மத்திய அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் ஒன்று உண்டு. 1800-11-2356. இதைத் தேடி எங்கும் போக வேண்டாம். 2018 முதல் ஒவ்வொரு சிகரெட் பாக்கெட்டிலும் பீடிக் கட்டிலும், அந்தப் பயங்கரப் படத்தோடு சேர்த்தே அச்சிட்டு வருகிறார்கள். நாள் முழுக்க நீங்கள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும் அதே பாக்கெட்டில்தான். அடுத்து ஒருவர் வந்து கேட்கும்போது, காசை வாங்கும் முன் அந்தப் பக்கத்தைத் திருப்பி அவர் கையில் கொடுங்கள்.